நுங்கம்பாக்கம் கடற்கரைக்கு வந்த நாள்

ஸ்கேன் செய்த பழைய வரைபடங்களில் முதல் தாளைக் கணினியில் இன்றைய சென்னையின் மேல் போட்டுப் பார்த்தபோது, நுங்கம்பாக்கம் மெரினாவில் நின்றது. புனித ஜார்ஜ் கோட்டை கரையைத் தாண்டி நடுக்கடலில் கிடந்தது. தாளின் சட்டத்தில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத்தான் நான் அப்படியே கொடுத்திருந்தேன். தட்டச்சில் பிழையா என்று மூன்று தடவை பார்த்தேன். இல்லை. எல்லாமே ஒரே அளவில், ஏறத்தாழ நாலரைக் கிலோமீட்டர், கிழக்கே தள்ளியிருந்தன.

அந்த நாலரைக் கிலோமீட்டருக்குக் காரணம் தெரிய எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. காரணம் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. என் கோப்பில்தான் இல்லை.

நான் வேலை பார்க்கும் நூலகத்தில் பழைய வரைபடங்களுக்கென்று ஓர் அறை உண்டு. மூன்று விதமான தாள்கள் இருக்கின்றன. நான்கு மைலை ஓர் அங்குலத்தில் அடக்கிய பத்தொன்பதாம் நூற்றாண்டு இந்திய அட்லஸ் தாள்கள் ஒன்று. ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கில் சர்வே ஆஃப் இந்தியா போட்ட தாள்கள் இன்னொன்று. மைலுக்குப் பதினாறு அங்குலம் வைத்து வயல் வயலாக வரைந்த கிராம வரைபடங்கள் மூன்றாவது. இவற்றை ஸ்கேன் செய்து, இன்றைய பூமியின் மேல் சரியான இடத்தில் பொருத்த வேண்டும். ஜியோரெஃபரன்ஸ் செய்வது என்று இதைச் சொல்கிறார்கள். எளிய வேலை என்று நினைத்துத்தான் ஒத்துக்கொண்டேன்.

முதல் நான்கு மாதம் கணினிப் பக்கமே போகவில்லை. சில தாள்களுக்குப் பின்னால் துணி ஒட்டியிருந்தது. மைதாப் பசை போட்டு ஒட்டிய இடங்களையெல்லாம் இராமபாணப் பூச்சி தேடிப்பிடித்துத் தின்றிருந்தது. சுருட்டி வைத்த தாளை ஒரே மூச்சில் விரித்தால் மடிப்பில் உடைந்துவிடும். மூடிய பெட்டிக்குள் ஈரக் காற்றில் சில மணி நேரம் வைத்து, இளகிய பிறகு மையொற்றும் தாள்களுக்கு நடுவில் கிடத்தி, மேலே கனம் ஏற்றி நாள்கணக்கில் விட வேண்டும். யாரோ எப்போதோ கிழிசலில் ஒட்டிய செல்லோடேப்தான் எல்லாவற்றிலும் கொடுமை. பிளாஸ்டிக் உரிந்து போய், பழுப்புப் பசை மட்டும் தாளுக்குள் இறங்கியிருக்கும். அதை முழுதாக எடுக்க எங்களால் முடியவில்லை. அப்படியே ஸ்கேன் செய்தோம்.

ஸ்கேன் வேலையை முதலில் வெளியே கொடுத்தோம். கோப்புகள் சுத்தமாக, பளிச்சென்று வந்தன. திறந்து பெரிதாக்கியபோதுதான் தெரிந்தது: 200 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 200 புள்ளி), இறுக்கிச் சுருக்கிய ஜேபெக். ஏரிக்கரையைக் குறிக்கும் சின்னச் சின்னக் கோடுகள் புகைபோலக் கலங்கியிருந்தன. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மைல் ஓர் அங்குலத் தாளை 400 டிபிஐயில் எடுத்தால் ஒரு புள்ளி நிலத்தில் 4 மீட்டர். 200 டிபிஐயில் அதே புள்ளி 8 மீட்டர். நான்கு மைல் ஓர் அங்குலத் தாளானால் 400 டிபிஐயிலேயே 16 மீட்டர் ஆகிவிடும். இதில் கஞ்சத்தனம் பார்த்தால் பிறகு என்ன செய்தாலும் திரும்பக் கிடைக்காது.

அதைவிடப் பெரிய இழப்பு ஒன்று நடந்திருந்தது. ஸ்கேன் செய்த மென்பொருள், வெற்று ஓரம் என்று எண்ணி, சட்டத்துக்கு வெளியே இருந்ததையெல்லாம் தானாகவே வெட்டிவிட்டது. வரைபடத்தில் ஓரம் வெற்றிடம் அல்ல. எந்த ஆண்டு அளந்தார்கள், எந்த ஆண்டு திருத்தினார்கள், அளவுகோல் எது, காந்த ஊசி எவ்வளவு விலகும், குறியீடுகளுக்கு என்ன பொருள் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும்.

கடலில் விழுந்த தாளை எடுத்துக்கொண்டு, நில அளவைத் துறையில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் போனேன். அவர் திரையைப் பார்க்கவே இல்லை. "தம்பி, அசல் தாளக் கொண்டா" என்றார். கீழ் ஓரத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. தீர்க்கரேகையில் 2 நிமிடம் 27 விநாடி கழிக்க வேண்டும் என்று அதில் அச்சிட்டிருந்தது. 13-ஆம் அட்சரேகையில் அது சரியாக அந்த நாலரைக் கிலோமீட்டர்தான் வரும்.

அதன் கதையை அவர் சொல்லக் கேட்டபோது எனக்கு உடல் சிலிர்த்தது. 1792-இல் நுங்கம்பாக்கத்தில் மதராஸ் வானாய்வகம் எழுந்தது. அதன் கருங்கல் தூண் இன்றும் வானிலை மைய வளாகத்தில் நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. 1802 ஏப்ரல் 10 அன்று ஆங்கிலேய நில அளவையாளர் லாம்ப்டன் பரங்கிமலைப் பக்கம் அளவுச் சங்கிலியைக் கீழே வைத்து அளக்கத் தொடங்கினார். இந்தியா முழுவதும் முக்கோணம் முக்கோணமாக விரிந்த பேரளவை அங்கிருந்துதான் புறப்பட்டது. கிழக்கு மேற்கில் எங்கே இருக்கிறோம் என்பதற்கு மதராஸ் வானாய்வகத்தின் தீர்க்கரேகையே ஆதாரம். அன்று தந்தி கிடையாது. வியாழனின் துணைக்கோள்கள் மறைவதையும் நிலவையும் கவனித்து, கிரீன்விச் நேரத்துக்கும் மதராஸ் நேரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணித்தார்கள். பிறகு தந்திக் கம்பி வந்து, நேரத்தை நேரடியாக ஒப்பிட முடிந்தபோதுதான் பழைய மதிப்பு கூடுதல் என்று உறுதியாயிற்று. 2 நிமிடம் 27 விநாடி என்பது கடிகாரத்தில் பத்து விநாடி கூட இல்லை. துணைக்கோளைத் தொலைநோக்கியில் பார்த்து அந்த அளவுக்கு நெருங்கியிருக்கிறார்கள். நுங்கம்பாக்கத்தில் பிறந்த அந்தப் பிழையை இமயமலை வரைக்கும் எல்லாத் தாள்களும் சுமந்தன. நுங்கம்பாக்கத்தையே அது கடற்கரைக்குக் கொண்டுவந்தது.

வெளியே கொடுத்த எல்லாத் தாள்களையும் நாங்களே மறுபடி ஸ்கேன் செய்தோம். உருளைக்குள் இழுக்கும் ஸ்கேனரை ஒதுக்கிவிட்டு, தாளை மேசையில் கிடத்தி மேலிருந்து படமெடுக்கும் கருவியில் ஓரம் முழுவதும் தெரிய எடுத்தோம். 400 டிபிஐ, சுருக்காத டிஃப். 24-க்கு 20 அங்குலத் தாள் ஒன்று 230 எம்பி வரும். வரட்டும்.

அடுத்து ஒரு மைல் ஓர் அங்குலத் தாள்கள். டிகிரி வாரியாக எண்ணிட்ட தாள்களில் நம் நகரம் ஒரே தாளில் அடங்குவதில்லை. அடையாறு பகுதியில் நான்கு தாள்களின் மூலைகள் சந்திக்கின்றன. இவற்றில் தீர்க்கரேகைத் திருத்தம் தேவைப்படவில்லை. ஆனால் அவை எவரெஸ்ட் 1830 என்ற பழைய புவியுருவை, அதாவது பூமியின் வடிவத்துக்கு அன்று வைத்த கணக்கை, கொண்டு கணித்தவை. இன்றைய ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ் 84 அல்ல. வரைபடங்களைப் பொருத்தும் க்யூஜிஐஎஸ் மென்பொருளில் அதைக் குறிப்பிடாமல் எண்களைக் கொடுத்தால், நூறு இருநூறு மீட்டர் கணக்கில் தாள் முழுவதும் நகர்ந்து உட்காரும். ஆகவே சட்டத்தின் எண்களோடு நிற்காமல், அன்றும் இன்றும் அதே இடத்தில் இருக்கும் பொருள்களைத் தேடினோம். கண்ட்ரோல் பாயிண்ட் என்பது அதுதான்.

எது நகராமல் இருந்திருக்கிறது? இதை யோசித்த வாரங்கள்தான் இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்தவை. கடற்கரை என்று முதலில் நினைத்தேன். அதைப்போல ஏமாற்றும் கோடு வேறில்லை. துறைமுகத்தின் கற்சுவர் கடலுக்குள் நீண்ட பிறகு, தெற்கிலிருந்து கரையோடு வரும் மணல் அங்கே தடுக்கப்பட்டுக் குவிந்தது. மெரினா அகன்றது அப்படித்தான். வடக்கே ராயபுரம் பக்கம் மணல் வராமல் கரை அரித்துக்கொண்டே போனது. பழைய தாளின் கரையை இன்றைய கரையோடு பொருத்தினால் ஊரையே இழுத்து நெளித்துவிடுவோம். அடையாற்று முகத்துவாரமும் ஆகாது, மணல்திட்டு ஆண்டுக்கு ஆண்டு மாறும். சாலைகளை அகலப்படுத்திவிட்டார்கள். சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம் பழைய மர்மலாங் பாலத்துக்குப் பதிலாக எழுந்தது, அதையும் விட்டோம்.

நின்றவை கோயில்கள். மயிலாப்பூர் தெப்பக்குளத்தின் நான்கு மூலைகள், திருவல்லிக்கேணிக் குளம், திருவான்மியூர் மருந்தீசுவரர் கோயில், பரங்கிமலை உச்சி மாதா கோயில். 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையக் கட்டடம். இவற்றோடு ஏரிக்கரைகள். ஏரியின் தண்ணீர் விளிம்பு மழைக்குத் தக்கபடி மாறும், அதைத் தொடக் கூடாது. கரை வளையும் முனை, மதகு, மிகுநீர் வழிந்தோடும் கலிங்கல் ஆகியவை அப்படியே இருக்கும். ஏரி போன பின்பும் கரை சாலையாகி நிற்பதைப் பல இடங்களில் பார்த்தேன். நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு என்று பெயரே சொல்கிறது.

பதினாறு புள்ளிகள் வைத்தேன். மென்பொருள் காட்டிய சராசரிப் பிழை 90 மீட்டருக்குக் குறையவில்லை. மனம் கேட்கவில்லை. தின் பிளேட் ஸ்பிளைன் என்று ஒரு முறை இருக்கிறது. தாளை ரப்பர்போல் இழுத்து, கொடுத்த ஒவ்வொரு புள்ளியிலும் கச்சிதமாக உட்கார வைக்கும். அதைப் போட்டேன். பிழை பூச்சியம் ஆனது. பெருமையோடு பெரியவரிடம் காட்டினேன்.

"நீ வச்ச புள்ளியில பூச்சியம்தான் வரும். நீ வைக்காத ஒரு புள்ளியக் காட்டு" என்றார். சின்னமலை தேவாலயத்தை நான் சேர்க்கவில்லை. பார்த்தோம். 140 மீட்டர் விலகியிருந்தது. இடையில் ரயில் பாதை பாம்புபோல் நெளிந்திருந்தது. நேர்க்கோடாகப் போட்ட பாதை அது.

பிறகு அவர் ஓர் இரும்பு அளவுகோலை எடுத்துத் தாளின் சட்டத்தையே அளக்கச் சொன்னார். 15 நிமிட அட்சரேகை 13 டிகிரியில் ஏறத்தாழ 17.2 மைல், ஆகவே சட்டத்தின் உயரம் 17.2 அங்குலம் இருக்க வேண்டும். 17.1-தான் இருந்தது. அகலம் சரியாக இருந்தது. "சங்கிலி புடிச்சவன் தப்பா அளக்கல தம்பி. காகிதம் ஒரு பக்கமாச் சுருங்கியிருக்கு." ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது நிலத்தில் 160 மீட்டர். நான் முதலில் பயன்படுத்திய ஹெல்மெர்ட் முறை இரண்டு பக்கத்தையும் ஒரே விகிதத்தில்தான் நீட்டும். உயரத்தையும் அகலத்தையும் தனித்தனியே சரிசெய்யும் முதற்படிப் பல்லுறுப்பு முறைக்கு மாறினேன். ஒரு புள்ளி மட்டும் முரண்டு பிடித்தது. தேடினால், நான் குறித்த கோயில் அடுத்த ஊர்க் கோயில். அதைத் திருத்தியதும் சராசரிப் பிழை 50 மீட்டருக்குள் வந்தது. அங்கேயே நிறுத்திக்கொண்டோம். புள்ளிகளில் நான்கைப் பொருத்தலில் சேர்க்காமல் சோதனைக்கென்று ஒதுக்குவது அன்றிலிருந்து எங்கள் வழக்கம். ஒவ்வொரு தாளின் விவரக் குறிப்பிலும் பிழை எத்தனை மீட்டர் என்று எழுதுகிறோம். புள்ளிகளின் பட்டியலையும் கூடவே சேமிக்கிறோம். அசல் டிஃப் கோப்பில் கை வைப்பதில்லை.

ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஏற்றியது தனி உழைப்பு. ஆங்கில எழுத்தில் ளகரமும் லகரமும் ழகரமும் ஒன்றாகிவிடுகின்றன. தாங்கல் என்று முடியும் பெயர்கள் எத்தனை! தாங்கல் என்றால் சிறிய ஏரி. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று வாயால் சொல்லிக்கொண்டே பல வருடம் அந்த ஊர்களைக் கடந்திருக்கிறேன். தாளில் அந்த நீல வடிவங்களைப் பார்த்த பிறகுதான் பெயர் காதில் விழுந்தது. அண்ணா சாலைக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த நெடும் ஏரியின் மேல் இன்றைய தெருக்களைப் போட்டுப் பார்த்தோம். 1920-களில் தியாகராய நகர் எழுந்தது அதன் படுகையில். வள்ளுவர் கோட்டமும் ஏரிப் படுகையில்தான் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தின் லேக் வியூ ரோட்டில் நின்று எந்த லேக் என்று கேட்டவர்களுக்கு இனிக் காட்ட முடியும்.

சென்ற ஐப்பசியில் மேற்குப் புறநகரிலிருந்து ஓர் அம்மா வந்தார். மழை பெய்தால் தங்கள் தெருவில் மட்டும் இடுப்பளவு நிற்கிறது என்றார். "ஏரியில வீடு கட்டிட்டோம்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி. நெஜமான்னு பாத்துச் சொல்லுங்க." ஒரு மைல் ஓர் அங்குலத் தாளில் அவர் வீடு ஏரிக்கரைக்கு உள்பக்கம் 30 மீட்டரில் விழுந்தது. எங்கள் பிழையே 50 மீட்டர். இதை வைத்து ஆமென்றும் சொல்ல முடியாது, இல்லையென்றும் சொல்ல முடியாது என்று அவரிடம் சொன்னேன். முகம் வாடிவிட்டது.

கிராம வரைபடத்தை எடுத்தோம். அதில் அட்சரேகையே கிடையாது. ஒவ்வொரு நிலத்துக்கும் இட்ட புல எண்களும் எல்லைக் கற்களும் மட்டும். ஓர் அங்குலம் 330 அடி, அதாவது ஐந்து சங்கிலி. மூன்று ஊர் எல்லைகள் சந்திக்கும் கல் இரண்டு இடத்தில் இன்னும் இருப்பதாகப் பெரியவருக்குத் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்க் கருவியில் குறித்து வந்தார். பிள்ளையார் கோயிலும் கரையின் வளைவும் சேர்ந்தன. பழைய வரப்புகள் பல இன்றைக்கு மதில் சுவராகவும் தெருவாகவும் அதே கோட்டில் ஓடுவதைக் கண்டோம். பிழை 6 மீட்டருக்கு இறங்கியது.

அந்த அம்மா மறுபடி வந்தபோது திரையில் காட்டினோம். வீடு ஏரியின் புல எண்ணுக்குள்தான் இருந்தது. இது எல்லைக்கான ஆவணம் ஆகாது, அதற்குத் தாலுகா அலுவலகத்தில் புலப்படம் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் சொன்னோம். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. விரலைக் கரையோரமாகவே நகர்த்திக்கொண்டு போனார்.

"கலிங்கல் எது?"

பெரியவர் காட்டினார். இன்று அங்கே வரிசையாகக் கடைகள்.

"அப்போ தண்ணி இந்த வழியாத்தான் வெளிய போயிருக்கணும்" என்றார். தெருக்காரர்களிடம் காட்ட வேண்டும் என்று இரண்டு படி அச்செடுத்துத் தரச் சொன்னார். ஓரம் எதுவும் வெட்டாமல், பிழை அளவு கீழே தெரியும்படி அச்செடுத்துக் கொடுத்தேன்.