மூன்றடிக் குழி

"தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டலாமோ பிள்ளை?" என்று அந்த அம்மா கேட்டார். "ஓம் அம்மா, வெட்டலாம்" என்று நான் சொன்னேன். மிதிவெடி அகற்றிய காணியை அதன் உரிமையாளரான அவரிடம் கையளித்து முடிந்து, பந்தலுக்குள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் நடந்த இந்தப் பேச்சு அரை நிமிடம்கூட நீடித்திருக்காது. அது 2016 ஆம் ஆண்டு ஆவணி மாதம். அந்த ஓர் "ஓம்" இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

என் பையில் இருந்த நிறைவு அறிக்கையில், அந்தக் காணியில் 15 சென்ரிமீற்றர் ஆழம் வரை வெடிபொருள்கள் அகற்றப்பட்டுள்ளன என்று எழுதப்பட்டிருந்தது. தென்னம்பிள்ளைக்கு வெட்டும் குழி மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழம். கிளிநொச்சி மாவட்டத்துப் பச்சிலைப்பள்ளியில் பிறந்த எவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். மூன்றடி என்பது 90 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். ஆகவே அவர் கேட்டதில் ஆறில் ஒரு பங்குக்குத்தான் என் கையிலிருந்த தாளில் பதில் இருந்தது. மீதி ஐந்து பங்குக்கும் பதில் சொன்னது நான்.

ஏன் சொன்னேன் என்று யோசிக்கும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வரும் காரணம், எனக்கு அந்த மண்ணைத் தெரியும் என்பதுதான். சமூகத் தொடர்பு அலுவலராக வருவதற்கு முன் நான்கு ஆண்டுகள் நானும் மிதிவெடி அகற்றும் பெண்கள் குழுவில் இருந்தவள். முகக்கவசத்துக்குள் வியர்வை கண்ணில் இறங்க, முழங்காலில் இருந்தபடி, துப்புரவான பக்கத்திலிருந்து ஒரு சிறு வெட்டை ஆழமாக எடுத்து, அதன் முகப்பு மண்ணைக் கீழிருந்து வாரியால் மெதுவாக இழுத்து முன்னேறியவள். அப்படி வாரினால் மிதிவெடியின் மேற்பக்கத்தில் கை படாது. அதன் பக்கவாட்டுத்தான் மண்ணுக்குள்ளிருந்து முதலில் தெரியும். பீ4 வகை மிதிவெடியில் உலோகம் மிகக் குறைவு, உடல் முழுவதும் பிளாஸ்ரிக். அதைப் பார்த்துச் செய்யப்பட்ட ரங்கன் 99 உம் அப்படித்தான். ஜொனி மிதிவெடியின் மரப்பெட்டி மழையில் உக்கிப் போயிருக்கும், உள்ளே இருக்கும் வெடிமருந்து உக்குவதில்லை. இப்படியானவற்றைத் தேடும் இடத்தில் கருவியின் ஒலியை மட்டும் நம்ப முடியாது என்பதால், மணற்பாங்கான அந்த நிலத்தை அங்குலம் அங்குலமாக வாரியே பார்த்தோம். அந்தக் காணியின் தெற்குப் பாதியில் எங்கள் குழுவின் கை வாராத மண் அதிகம் இருந்திருக்காது. இப்படி முழங்காலில் ஊர்ந்து கடந்த நிலத்தைப் பற்றி ஒருவர் கேட்கும்போது, தாளைப் பார்த்துப் பதில் சொல்ல மனம் வராது.

இன்னொரு காரணமும் உண்டு. அது காரணந்தான், சாக்குப்போக்கு இல்லை என்று இன்றும் நம்புகிறேன். மிதிவெடி என்பது கால் படுவதற்காகப் புதைக்கப்படுவது. ஆழத்தில் புதைத்தால் ஆளின் பாரம் அதை எட்டாது. அதனால் புதைப்பவர் எந்தத் தரப்பாக இருந்தாலும் மேல்மண்ணுக்குக் கீழே சில விரற்கடை ஆழத்தில்தான் வைப்பார். 15 சென்ரிமீற்றர் என்ற கணக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. புதைத்தவர்கள் புதைத்த ஆழத்தை விடவும் கீழே போய்ப் பார்த்துவிட்டோம் என்பதுதான் அதன் பொருள். சமதரையான நிலத்தில் அதற்குக் கீழே ஒன்றும் இருக்க நியாயமில்லை. அந்த அம்மாவுக்கு நான் சொன்ன "ஓம்" இந்த நியாயத்தின் சுருக்கம் என்று பல இரவுகள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அந்தக் காணி முழுவதும் சமதரையாக இருந்ததில்லை. 2000 ஆம் ஆண்டு ஆனையிறவு இராணுவ முகாம் புலிகளிடம் வீழ்ந்த பின் கிளாலி, முகமாலை, நாகர்கோவில் என்று நீண்ட முன்னரண் வரிசைகளுக்கு அண்டிய காணிகளில் அதுவும் ஒன்று. அதன் கிழக்குக் கரையில் ஒரு மண் அணை இருந்தது. மணலால் எழுப்பிய அணை ஒவ்வொரு மாரிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியும். அதன் அடிவாரத்தில் ஒருகாலத்தில் நாலு விரற்கடை ஆழத்தில் வைக்கப்பட்ட ஒன்று, சரிந்து வந்த மணலின் கீழ் இரண்டடி ஆழத்துக்குப் போய்விடலாம். இதற்காகத்தான் அணையையும் பதுங்குகுழிகளையும் கையால் செய்யாமல், கவசம் பூட்டிய தோண்டு இயந்திரத்தால் வெட்டி, மண்ணைப் பரப்பிப் பார்ப்பார்கள். அந்தக் காணியிலும் அப்படியே செய்தார்கள். அப்போது இயந்திரத்தின் வாளியில் ஒன்று வந்தது. முழங்கையளவு ஆழத்திலிருந்து வந்தது. அதை நான் பார்த்தேன்.

இயந்திரம் தோண்டிய பகுதியும் நாங்கள் கையால் வாரிய பகுதியும் சந்திக்கும் ஒரு விளிம்பு இருந்தது. இரண்டு வேலைகளும் ஒன்றன்மேல் ஒன்று சில அடி படியும்படி செய்வது வழக்கம், அங்கேயும் செய்தோம். வெளியிலிருந்து வந்து பரிசோதித்தவர்கள் குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மணல் எவ்வளவு தூரம் சரிந்திருந்தது என்பதை, சரிந்து பல மாரி கழிந்து பற்றை மூடிய பிறகு எவர் உறுதியாகச் சொல்ல முடியும்? அந்த விளிம்பைத் தாண்டி இன்னும் நாலைந்து அடி இயந்திரத்தை விட்டிருக்கலாமோ என்ற எண்ணம் அன்றே எனக்கு இருந்தது. எண்ணம்தான், எழுதிக் கொடுக்கவில்லை.

இதைவிட என்னை வருத்துவது படிவ விடயம். பணி தொடங்குமுன் காணி உரிமையாளரைச் சந்தித்து, நிலத்தை என்னத்துக்குப் பயன்படுத்தப் போகிறார் என்று கேட்டு எழுதுவது சமூகத் தொடர்பு அலுவலரின் கடமை. எவ்வளவு ஆழம் வரை துப்புரவாக்குவது என்பதை, வெடிபொருள்கள் புதைந்திருக்கும் ஆழத்தோடு நிலத்தின் எதிர்காலப் பயன்பாட்டையும் கருத்தில் கொண்டே தீர்மானிக்க வேண்டும் என்று சர்வதேச மிதிவெடி நடவடிக்கை நியமங்கள் சொல்கின்றன. அந்த அம்மாவை இடைத்தங்கலாக இருந்த வீட்டில் சந்தித்து, அந்தப் பெட்டிக்குள் "தென்னை" என்று எழுதியது நான்தான். பணி ஆணை வந்தபோது ஆழம் 15 சென்ரிமீற்றர் என்றுதான் இருந்தது. தென்னை என்று எழுதிய கையே அந்த எண்ணையும் வாசித்துக் கையொப்பமிட்டது. ஏன் இப்படி என்று கேட்கவில்லை.

கையளிப்பு முடிந்த மறுநாள் கேட்டேன். என் மேலதிகாரி கோபப்படவில்லை. "ஒவ்வொரு தென்னங்காணியையும் மூன்றடிக்குத் தோண்டிப் பார்த்தால், வரிசையில் காத்திருக்கும் மற்றக் காணிகளை எந்த ஆண்டில் கொடுப்போம் சொல்லுங்கோ" என்றார். அந்தக் கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை, இன்றும் தெரியாது. மனிதாபிமான மிதிவெடி அகற்றல் இங்கே தொடங்கியது 2002 இல். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 மார்கழியில். அந்த உடன்படிக்கையின்படி வேலையை முடிக்க வேண்டிய நாள் 2028 ஆனி முதலாம் திகதி. ஓரிடத்தில் ஆழமாகப் போனால் இன்னோரிடத்தில் ஒரு குடும்பம் இன்னும் ஓர் ஆண்டு முட்கம்பிக்கு வெளியே நிற்கும். அவர் சொன்னது சரியென்றே எனக்குப் பட்டது. ஆனால் அது நான் அந்த அம்மாவுக்குச் சொன்ன பதிலைச் சரியாக்கிவிடவில்லை.

எங்கள் தொழிலில் "நியாயமான அனைத்து முயற்சியும்" என்று ஒரு தொடர் உண்டு. நிலம் முழுப் பாதுகாப்பானது என்று எவரும் எழுதித் தருவதில்லை. நியாயமான முயற்சி அனைத்தும் செய்யப்பட்டது, எஞ்சிய அபாயம் ஏற்றுக்கொள்ளத்தக்க அளவில் உள்ளது என்றுதான் எழுதுவார்கள். அது நேர்மையான சொற்றொடர் என்றே நான் கருதுகிறேன். அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? 2000 சித்திரையில் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியேறியவர் அவர். 2002 இல் ஏ9 பாதை திறந்தபோது பேருந்தின் யன்னலால் தன் காணி இருந்த திசையைப் பார்த்ததாகவும், மண்டையோடு கீறிய பலகைகளும் தலையில்லாத பனைகளும்தான் தெரிந்ததாகவும் சொன்னார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் தன் எல்லைக் கல்லைக் கண்டு, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றவரிடம், "எஞ்சிய அபாயம்" என்று எந்த வாயால் சொல்வது?

பயமும் ஒரு சேதம்தான் என்பதை நாங்கள் நன்றாக அறிவோம். துப்புரவாக்கிக் கொடுத்த பின்னும் உரிமையாளர் கால் வைக்காமல் பற்றை மண்டிப்போன காணிகளை நான் கண்டிருக்கிறேன். அதனால்தான் கையளிக்கும் நாளில் குழுவினர் எல்லோரும் உரிமையாளரோடு காணிக்குள் நடப்போம். வார்த்தையால் கொடுக்க முடியாத தைரியத்தைக் காலால் கொடுப்பது அது. அன்றும் நடந்தோம். நான் கிழக்குக் கரை வரை நடந்தேன். நடப்பதற்கு 15 சென்ரிமீற்றர் போதும், கச்சான் போடவும் போதும். அந்த மணலில் அவர் நாற்பது ஆண்டுகளாக அறிந்த பயிர் தென்னை. அதை வைக்க முடியாத காணியைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தால் நான் என்னத்தைத் திருப்பிக் கொடுத்தேன் என்ற எண்ணமும் அந்த "ஓம்" என்ற சொல்லுக்குள் இருந்தது. இப்படிச் சொல்லும்போது என் பக்கம் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது. ஆனால் சொல்லக்கூடிய வேறொரு பதில் இருந்தது: "இந்தப் பக்கம் எல்லாம் வெட்டலாம் அம்மா; கிழக்குக் கரையில மட்டும் பொறுங்கோ, நான் கேட்டுச் சொல்லுறன்." அதில் பொய்யும் இல்லை, அதைச் சொல்ல அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது. அது ஏன் அன்று வாயில் வரவில்லை என்பதற்குத்தான் என்னிடம் விளக்கம் இல்லை. பிரதேச செயலகத்தார் வாகனத்தில் ஏறிக்கொண்டிருந்தார்கள், விதானையார் என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்பதெல்லாம் விளக்கம் ஆகாது.

மூன்று வாரம் கழித்து, வேறொரு கூட்டத்துக்குப் போன வழியில், சொல்லிவிடுவது என்ற முடிவோடு அவர் காணிக்குப் போனேன். குழிகள் வெட்டி முடிந்திருந்தன. ஐப்பசி மழைக்கு முன் வைத்துவிட வேண்டும் என்று கூலிக்கு ஆள் பிடித்து வெட்டியிருந்தார். குழிகளின் அடியில் பொச்சுமட்டை அடுக்கியிருந்தது. அவர் எனக்குத் தேநீர் தந்து, ஏக்கருக்கு 64 பிள்ளை என்று கணக்குச் சொல்லி, தன்னிடம் அவ்வளவு வாங்கக் காசில்லை, 52 தான் வைக்கிறேன் என்றார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காததைப் பற்றி எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். கூலிக்கு வெட்டியவர்களின் முகங்கள் வரும் வழியெல்லாம் நினைவில் நின்றன. அவர்கள் என்னிடம் ஒன்றும் கேட்டிருக்கவில்லை.

2019 இல் நான் அந்த வேலையை விட்டேன். 2023 இல் ஒரு சாவீட்டுக்காக அந்தப் பக்கம் போனபோது, அவரைப் பார்க்காமல் திரும்ப மனம் வரவில்லை. தென்னைகள் காய்க்கத் தொடங்கியிருந்தன. பாளை விரிந்து நின்ற ஒரு மரத்தின் கீழ்க் கதிரை போட்டு என்னை இருத்தினார். அப்போதுதான் கவனித்தேன்: கிழக்குக் கரையில் இரண்டு வரிசைக்கான இடம் வெறுமையாகக் கிடந்தது. புல் மட்டும் வளர்ந்திருந்தது. காசு போதாமல்தான் 52 என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. ஆனாலும் கேட்டேன்.

"அந்தக் கரையை ஏன் அம்மா விட்டனீங்கள்?"

"நீர் அண்டைக்கு ஓம் எண்டு சொல்லேக்க அந்தப் பக்கத்தைப் பார்த்தனீர் பிள்ளை" என்றார்.

நான் பார்த்தேனா என்று எனக்கு நினைவில்லை. அந்த அரை நிமிடத்தை இத்தனை ஆண்டுகளாக எத்தனையோ முறை திருப்பிப் பார்த்திருக்கிறேன். என் சொல் இருக்கிறது, கதிரைச் சத்தம் இருக்கிறது, அவர் கை இருக்கிறது, என் கண் எங்கே போனது என்பது மட்டும் இல்லை. பார்த்திருந்தால், வாய் சொல்லாததைக் கண் சொல்லியிருக்கிறது என்று ஆறுதல் கொள்ளலாமா என்று அங்கேயே ஒரு கணம் நினைத்தேன். உடனே குழி வெட்டிய கூலியாட்கள் நினைவுக்கு வந்தார்கள். என் கண்ணை அவர் கவனித்தது அவருடைய கூர்மை. அதில் என் பங்கு ஒன்றும் இல்லை.

அவரிடம் அன்றுதான் எல்லாவற்றையும் சொன்னேன்: 15 சென்ரிமீற்றர், மண் அணை, இயந்திர வாளியில் வந்த ஒன்று, படிவத்தில் நான் எழுதிய "தென்னை" எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, மகன் இப்போது அந்த இரண்டு வரிசையிலும் வைக்க நிற்கிறான், பிள்ளையும் வாங்கி வைத்துவிட்டான், வெட்டலாமோ என்று கேட்டார்.

"வெட்டவேண்டாம் அம்மா. நான் எழுதிக் குடுத்து ஆக்களைக் கூப்பிடுறன். அவை வந்து பார்க்கட்டும்."

"அப்ப அண்டைக்கு ஏன் கூப்பிடேல்லை?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. வெற்றிலையை மடித்துக்கொண்டு, உண்மையிலேயே அறிய விரும்பிக் கேட்டார். எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன். அடுத்த வாரம் மாவட்ட அலுவலகத்துக்கு எழுதினேன்; பெற்றுக்கொண்டதாகப் பதில் வந்தது. முன்னுரிமைப் பட்டியலில் இருக்கும் காணிகள் முடிந்த பிறகு ஒரு குழுவை அனுப்பிப் பார்ப்போம் என்றார்கள். கடைசியாகத் தொலைபேசியில் பேசியபோது, மகன் வாங்கிய தென்னம்பிள்ளைகள் வீட்டுப் பின்புற நிழலில் நிற்பதாகவும், ஓலைகள் ஒன்றோடொன்று முட்டத் தொடங்கிவிட்டதாகவும் அம்மா சொன்னார்.