மர்ஃபி டவுன் வீடு: ஒரு விசாரணைக் குறிப்பு

ஜனவரி 4, 2025, சனி

ஆவி நடமாட்டம் என்று சொல்லப்படுகிற வீடுகளைச் சோதித்துப் பார்க்கிற குழு நாங்கள். இந்த முறை பெங்களூர் மர்ஃபி டவுனில் பழைய ஓட்டு வீடு ஒன்றை இடித்துக் கட்டிய கீழ்ப்போர்ஷன். பகல் பதினொரு மணிக்கே போய்விட்டோம். "ராத்திரிதானே வருவீங்கன்னு நெனச்சோம்" என்றார் வீட்டுக்காரர். எந்தக் குழாய் உறுமும், எந்த ஜன்னல் ஆடும் என்று வெளிச்சத்தில் பார்த்து வைக்காமல் இருட்டில் உட்கார்ந்து பயனில்லை.

வீட்டுக்காரரின் மனைவியைத்தான் அக்கா என்கிறேன். அவருடைய மாமியார் ஆடியில் தவறிவிட்டார். கார்த்திகை முடிந்து குளிர் ஏறியதிலிருந்து அக்காவுக்குப் பின்னால் யாரோ நிற்கிற மாதிரி இருக்கிறதாம். தலை கனக்கிறது, காதுக்குள் இரைச்சல். "அத்தைதான் தம்பி. கோவமெல்லாம் இல்ல, சும்மா நிக்கிறாங்க." ராத்திரியில் சமையலறைப் பக்கம் நடமாட்டச் சத்தம் வேறு.

பேசுகிறவரை நாங்கள் குறுக்கிடுவதில்லை. "வெள்ளைப் புடவையா?" என்று எடுத்துக் கொடுக்கவே கூடாது. கேட்ட கேள்வியே பதிலாகத் திரும்பி வந்துவிடும்.

ஜனவரி 5, ஞாயிறு, விடியற்காலை

காந்தப்புலம் கூடினால் பச்சையிலிருந்து சிவப்புக்கு விளக்கு ஏறுகிற கே2 மீட்டர், கூடம் முழுக்கப் பச்சையே காட்டியது. படுக்கையறையில் கட்டில் தலைமாட்டில் வைத்ததும் சிவப்பு வரை ஏறியது. வீட்டுக்காரருக்கு முகம் வெளுத்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் கரண்ட் மீட்டர் போர்டு. மெயினை அணைத்தோம், கே2-வின் விளக்குகள் சரசரவென்று பச்சைக்கு இறங்கின. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஓடும் ஒயரைச் சுற்றி காந்தப்புலம் இருக்கும். அந்தக் கருவி காட்டுவது அதைத்தான்.

டெல்லியில் கௌரவ் திவாரி 2009-ல் இந்தியன் பாராநார்மல் சொசைட்டியைத் தொடங்கினார். அதற்குப் பிறகு நம் ஊர்களிலும் இந்த மாதிரிக் கருவிகளோடு குழுக்கள் கிளம்பின. கருவி வாங்குவது சுலபம். சிவப்பு எரிந்ததும் மெயினை அணைத்துப் பார்க்கிற பொறுமைதான் வேண்டும்.

ஆவிக் குரல் பதிகிறதா என்று பார்க்க ரெக்கார்டர் ஓடும்போது யாராவது இருமினால் உடனே "இருமினது நான்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவோம். அப்படியும் ஒரு சத்தம் சிக்கியது. ஆளுக்கொரு தாளில் தனித்தனியாக எழுதினோம். ஒருவருக்கு "வா", ஒருவருக்கு "தண்ணி", எனக்கு வெறும் கரகரப்பு. இதை ஆதாரமாகச் சேர்க்கப்போவதில்லை. ஸ்வீடனில் 1959-ல் பறவைச் சத்தம் பதியப் போன ஃப்ரீட்ரிக் யூர்கன்சன், டேப்பில் மனிதக் குரல் கேட்டதாகச் சொன்ன நாளிலிருந்து இந்தச் சிக்கல் இருக்கிறது. அர்த்தம் தேடுகிற காதுக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

ஜனவரி 7, செவ்வாய்

அக்கா சொன்னதை மறுபடி கேட்டு எழுதிக்கொண்டிருந்தபோது நெஞ்சு பதறியது. பின்னால் யாரோ நின்றது, தலை கனத்தது, இரைச்சல், எல்லாமே காலையில், எல்லாமே குளித்து முடித்து வரும்போது. சாயங்காலம் அடுப்பில் வெந்நீர் போட்டுக் குளிக்கிற சின்னப் பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. குளியலறைக்குள் இருப்பது கேஸ் கீசர்.

1921-ல் வில்லியம் வில்மர் என்ற அமெரிக்கக் கண் மருத்துவர் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். காலடிச் சத்தம், உருவங்கள், தலைவலி. காரணம், பழுதான உலையிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

காற்றோட்டமில்லாத குளியலறையில் எரிகிற கேஸ் கீசரிலிருந்தும் இதே வாயு வரலாம். உடனே போன் போட்டேன். "அக்கா, கீசரைத் தொடவே தொடாதீங்க. இன்னிக்கே டாக்டரைப் பாருங்க." குளிர்காலம் வந்தால் பெங்களூரில் குளியலறைக்குள் மயங்கி இறந்தவர்கள் செய்தி வராமல் இருப்பதில்லை.

ஜனவரி 11, சனி

பீன்யா தொழிற்பேட்டையில் சேஃப்டி வேலை பார்க்கிற நண்பர் கேஸ் டிடெக்டர் கொண்டுவந்தார். குளிர்காற்று வராமலிருக்க வென்டிலேட்டரை அட்டை வைத்து அடைத்திருந்தார்கள். கீசர் ஜுவாலை நீலமாக இல்லை, மஞ்சள். மேல் விளிம்பில் கரி. கீசரை ஓடவிட்டு கதவைச் சாத்தி, டிடெக்டரை மட்டும் உள்ளே விட்டோம். கொஞ்ச நேரத்திலேயே அலறியது. எல்லாரையும் வாசலுக்கு அனுப்பிவிட்டு, சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துவிட்டோம்.

பாழடைந்த பங்களாவில் நள்ளிரவு வீடியோ எடுக்கிற குழுக்களுக்கு நான் சொல்ல வேண்டியது இதுதான்: ஆள் குடியிருக்கிற வீட்டுக்குப் போகும்போது முதலில் காற்றைச் சோதியுங்கள். ரெக்கார்டர் அப்புறம் ஓடட்டும். நீங்கள் ஆவியைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது உள்ளே ஒரு உயிர் போய்விடலாம்.

ஜனவரி 13, திங்கள், போகி

கீசரைக் கழற்றி வெளிச்சுவரில் மாட்டியாகிவிட்டது. அக்காவுக்குத் தலைவலி நின்றுவிட்டது. பின்னால் யாரும் நிற்பதில்லையாம். சொல்லும்போது குரல் கம்மியது. "அப்போ அத்தை வரவே இல்லையா தம்பி?"

"காத்துல என்ன கலந்திருக்குன்னு சொல்ல கருவி இருக்கு அக்கா. இதைச் சொல்ல எங்ககிட்ட ஒண்ணும் இல்ல" என்றேன். நாளைக்கு அத்தைக்கும் சேர்த்துப் பொங்கல் படைக்கப் போகிறார். படைக்கட்டும்.

சமையலறைச் சத்தம் மட்டும் இன்னும் நிற்கவில்லை. மாடிப்போர்ஷன்காரர்கள் பண்டிகைக்கு ஆம்பூர் போயிருக்கிறார்கள். திரும்பியதும் மேலே போய்த் தரையையும் தண்ணீர்த் தொட்டிக் குழாயையும் பார்க்க அனுமதி கேட்டிருக்கிறோம்.