யாருக்கு என்று கேட்டேன்

படிவத்திலேயே அந்தக் கேள்வி இருக்கிறது. 4473 என்ற எண்ணுள்ள அமெரிக்க மத்திய அரசுப் படிவம் அது. துப்பாக்கியை எடுத்துப் போகிறவர் தனக்காகத்தான் எடுத்துப் போகிறாரா என்று கேட்டு, பக்கத்தில் ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் போட்டிருக்கும். வந்தவர் ஒன்றில் குறி போட்டுக் கையெழுத்து வைப்பார். கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறவன் வாயைத் திறந்து கேட்க வேண்டியதே இல்லை. நான் கேட்டேன். அந்தப் பையன் உண்மையைச் சொன்னான். அதனால் அவன் கொள்ளுத் தாத்தாவின் ரைஃபிள் அவன் கைக்குப் போகவில்லை.

அந்த வேலையை விட்டு வருஷங்கள் ஆகின்றன. சட்டப்படி நான் செய்ததில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. முதலாளியும் அன்றைக்கே தட்டிக் கொடுத்தார். ஆனாலும் அந்த ஒரு கேள்வியை மனசு விடுவதாக இல்லை.

மேற்கு டெக்சஸில், ஒடெஸா பக்கம் அடகுக் கடையில் வேலை பார்த்தால் எண்ணெய் விலையைப் பார்க்கச் செய்தித்தாள் வேண்டாம். எண்ணெய்க் கிணற்று வேலை நின்ற மறுவாரமே கவுண்டரில் வெல்டிங் மெஷினும் டூல் பாக்ஸும் வந்து உட்காரும். அதற்கும் கொஞ்சம் தள்ளித்தான் துப்பாக்கிகள் வரும். தொழில் சாமானைக்கூட முதலில் வைத்துவிடுவார்கள். தாத்தா துப்பாக்கியைக் கடைசிவரை வைக்க மாட்டார்கள். 2020 மார்ச்சில் சவூதியும் ரஷ்யாவும் விலைப் போட்டியில் இறங்கின, கூடவே கொரோனா. ஏப்ரல் 20 அன்று அமெரிக்கக் கச்சா எண்ணெய் பூஜ்யத்துக்கும் கீழே இறங்கி, பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் போய் நின்றது. அந்தப் பையனின் அப்பா ரைஃபிளைக் கொண்டுவந்து அடகு வைத்தது அதற்கு முன்பே, ஆட்குறைப்பு தொடங்கிய முதல் வாரங்களில்.

வின்செஸ்டர் மாடல் 94, தர்ட்டி தர்ட்டி என்கிற தோட்டா போடுவது. கீழே இருக்கும் லீவரை இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்றுகிற வகை. 1964இல் அந்தக் கம்பெனி தயாரிப்பு முறையை மாற்றியது. அதற்கு முந்தையது என்றால் சேகரிக்கிறவர்களிடம் மதிப்பு அதிகம். இது முந்தையதுதான். நடுப்பகுதியில், சரியாகக் கை பிடித்துத் தூக்கிப் போகிற இடத்தில் மட்டும் நீலப் பூச்சு தேய்ந்து வெள்ளி மாதிரி ஆகியிருந்தது. மரக்கட்டையில், தோளில் பதிகிற பக்கத்துக்குச் சற்று மேலே, கத்தியால் கீறிய இரண்டு எழுத்துகள். தாத்தாவின் பெயரெழுத்துகளாம். சேகரிக்கிறவர் பார்வையில் அது சேதம், விலையைக் குறைக்கும். நான் அதைக் காட்டித்தான் விலை பேசினேன், அதுதான் என் வேலை. 200 டாலர் கொடுத்தோம். டெக்சஸில் அந்த அளவு கடனுக்கு மாதம் 20 சதவீதம் வரை வாங்கலாம், ஆக மாதத்துக்கு 40. கெடு முடிந்த பிறகும் 30 நாள் பொறுத்திருக்க வேண்டும், அதற்கப்புறமும் வராவிட்டால் மூழ்கியது மூழ்கியதுதான்.

"இதை விற்கிற அலமாரிப் பக்கமே கொண்டுபோகாதீங்க, நான் வருவேன்" என்றார். எல்லோரும் சொல்வதுதான். இவர் சொன்னபோது நான் நம்பினேன்.

சொன்னபடி வந்தார். அரசாங்கம் கொரோனா உதவியாகத் தலைக்கு 1,200 டாலர் கொடுத்த சமயம் அது. அந்தப் பணம் வந்ததும் எங்கள் கடையில் வைக்கிற கூட்டம் குறைந்து திருப்புகிற கூட்டம் கூடியது. மகனும் கூட வந்திருந்தான், இருபதைத் தாண்டிய பையன். மனைவி வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருந்தார்.

நம் ஊரில் சங்கிலியை அடகு வைத்தவர் சீட்டையும் பணத்தையும் நீட்டினால் சங்கிலி வந்துவிடும். இங்கே துப்பாக்கிக்கு அப்படியில்லை. வைக்கும்போது சீரியல் நம்பரைப் பதிவேட்டில் ஏற்றி, அடையாள அட்டையைப் பார்த்தால் போதும். திருப்பும்போதுதான், சொந்தச் சாமானாகவே இருந்தாலும், புதிதாக வாங்குகிறவர் மாதிரி அதே படிவம், எஃப்.பி.ஐ.யிடம் அதே பின்னணிச் சோதனை. 1998 நவம்பர் கடைசியில் அந்தச் சோதனை முறை தொடங்கியதிலிருந்து இப்படித்தான். எஃப்.பி.ஐ. வெளியிடும் மாதாந்திரக் கணக்கில் அடகிலிருந்து திருப்புவதற்கென்றே தனிப் பத்திகள் உண்டு, அவ்வளவு சாதாரண விஷயம். 2020 மார்ச்சில் மட்டும் நாடு முழுக்க 37 லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. பதில் இழுக்கும் என்று அவரிடம் முன்னாலேயே சொல்லி வைத்தேன்.

இழுக்கவில்லை. 'மறுப்பு' என்று வந்தது.

காரணம் கடைக்காரனுக்குச் சொல்ல மாட்டார்கள். ஒரு வார்த்தையும் ஒரு பதிவு எண்ணும், அவ்வளவுதான். அந்த எண்ணை எழுதி, மேல்முறையீடு செய்யும் விவரத் தாளோடு அவரிடம் நீட்டினேன். அவர் தாளைத் தொடவில்லை.

"அது பழைய கதை. அபராதம் கட்டி எப்பவோ முடிச்சாச்சு" என்றார். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "என் தாத்தா சாமானை எனக்குத் தர நீங்க யாரைக் கேட்கணும்?" என்றார். கத்தவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்ட மாதிரிதான் இருந்தது.

அபராதத்தோடு முடிந்த பழைய வழக்கு துப்பாக்கியைத் தடுக்கிறது என்றால், எனக்குத் தெரிந்து பெரும்பாலும் ஒரே வகைதான். குடும்பத்துக்குள் கைநீட்டிய வழக்கு. அது சின்னக் குற்றமாகப் பதிவாகியிருந்தாலும் துப்பாக்கி கூடாது என்று 1996இல் சட்டம் வந்தது, அதற்கு முன் தீர்ப்பான வழக்குகளுக்கும் சேர்த்து. ஆனால் இது என் ஊகம். பெயர்க் குழப்பத்தால் தவறாக மறுப்பு வருவதும் உண்டு. ஒரு ஊகத்தை வைத்துக்கொண்டு வெளியே வண்டியில் இருந்த அந்த அம்மாவை நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மறுநாள் பையன் தனியாக வந்தான். சீட்டு, பணம், ஓட்டுநர் உரிமம் எல்லாம் கையில். அப்பா தனக்கே கொடுத்துவிட்டதாகவும், தான் எடுத்துப் போக வந்திருப்பதாகவும் சொன்னான். ரைஃபிளுக்கு 18 வயது போதும். படிவத்தை அவன் பக்கம் திருப்பி வைத்தேன். பேனாவைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன்:

"தம்பி, இது யாருக்கு?"

"அப்பாவுக்கு சார்" என்றான்.

யோசிக்கவே இல்லை. நேற்றெல்லாம் அப்பாவோடு நின்றவன், அப்பா முகத்தைப் பார்த்தவன், வேறென்ன சொல்வான்? சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. "அதாவது, எனக்குத்தான். வீட்ல இருக்கும்" என்றான். நான் படிவத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

எனக்கு நானே சொல்லிக்கொள்கிற நியாயங்கள் நிறைய இருக்கின்றன. இன்னொருவருக்காக எடுப்பதைத் தனக்கென்று எழுதினால் அது பொய் வாக்குமூலம், பத்து வருஷம் வரை சிறை. 2014இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன அப்ராம்ஸ்கி வழக்கில், பழைய போலீஸ்காரர் ஒருவர் தன் மாமாவுக்காகத் துப்பாக்கி வாங்கியிருந்தார். மாமா சட்டப்படி வைத்துக்கொள்ளத் தகுதியுள்ளவர்தான். அப்படியும் படிவத்தில் எழுதியது பொய்தான் என்று 5-4 எனத் தீர்ப்பு வந்தது. தகுதியுள்ள மாமாவுக்கே இந்தக் கதி என்றால், முந்தின நாள் மறுக்கப்பட்ட அப்பாவுக்கு? நான் படிவத்தைக் கொடுத்திருந்தால் நாளைக்கு மாட்டுவது அந்தப் பையன். 2022இல் வந்த சட்டப்படி, துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாதவருக்காக வாங்கினால் 15 வருஷம் வரை சிறை. நான் அவனைக் காப்பாற்றினேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் அடுத்த வருஷமே வந்த இன்னொரு தீர்ப்பும் எனக்குத் தெரியும். 2015, ஹெண்டர்சன் வழக்கு. குற்றத்தால் துப்பாக்கி உரிமை இழந்தவருக்கும் அந்தத் துப்பாக்கியின் மேல் சொத்துரிமை மிச்சம் இருக்கிறது, அது மறுபடி அவர் கட்டுப்பாட்டுக்குள் வராது என்றால் இன்னொருவருக்குக் கைமாற்றலாம் என்று நீதிபதிகள் அத்தனை பேரும் ஒருமனதாகச் சொன்னார்கள். அதாவது, பையன் வேறு ஊரில் குடியிருந்து, "இனி இது என்னுடையது, அப்பா தொட மாட்டார்" என்று சொல்லியிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். அது விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிற பதில். வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ள வீட்டுப் பையன் அந்தப் பதிலோடு வந்திருப்பான். இவன் வெறும் பாசத்தோடு வந்தான்.

வசதியுள்ள வீடு என்றதும் இன்னொன்றும் வருகிறது. அந்த ரைஃபிள் அவர் வீட்டில் எத்தனையோ வருஷம் இருந்திருக்கிறது. என் ஊகம் சரி என்றால், அப்போதும் அவர் வைத்திருக்கக் கூடாதுதான், சட்டம் அதில் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஆனால் ஒருவரும் வந்து கேட்கவில்லை. வேலை போய், 200 டாலருக்கு வழியில்லாமல் கவுண்டரில் வைத்த பிறகுதான் கேள்வி வந்தது. இதே மாதிரி பழைய வழக்கும், கண்ணாடி அலமாரி நிறையத் துப்பாக்கியும், வங்கியில் பணமும் உள்ள ஒருவரிடம் யாரும் எந்தப் படிவத்தையும் நீட்டப்போவதில்லை. இதை முதலாளியிடம் சொன்னேன். "சட்டம் கதவு இருக்கிற இடத்தில்தான் நிற்க முடியும்" என்றார். அது சரி. கதவு ஏழையின் வாசலில்தான் இருக்கிறது என்பதும் சரி.

கதை இத்தோடு நின்றிருந்தால் என் வருத்தம் என்னவென்று எனக்கே தெளிவாக இருந்திருக்கும். கெடு நெருங்கியபோது அந்த அம்மா வந்தார். சீட்டை வைத்து, 40 டாலரை எண்ணிக் கொடுத்து, நீட்டிக்கச் சொன்னார். ரசீது போட்டுக் கொடுத்தேன்.

"கட்டிக்கிட்டே இருந்தா விற்க மாட்டீங்கல்ல?"

"மாட்டோம்."

"வேற யாரும் வந்து எடுத்துட்டுப் போக முடியாதே?"

"இப்போதைக்கு முடியாது" என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

அடுத்த மாதமும் வந்தார். அதற்கடுத்த மாதமும். வேலையில்லாத வீட்டில் 40 டாலர் சின்னத் தொகை இல்லை. கட்டிய வட்டி அசலையே நெருங்கிக்கொண்டிருந்தது. அதைச் சொல்லிக் காட்ட ஒரு தடவை வாயெடுத்தேன், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். கணவர் மேல்முறையீட்டில் ஜெயித்து வருவார் என்று தாத்தா சொத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாரா? இல்லை, அது எங்கள் இரும்பு அறையிலேயே இருக்கட்டும், வீட்டுக்கு மட்டும் வந்துவிட வேண்டாம் என்று பணம் கட்டினாரா? இரண்டும் சேர்ந்தேகூட இருக்கலாம். நான் கேட்கவில்லை. பையனிடம் கேட்கத் தேவையில்லாததைக் கேட்டவன், இங்கே கேட்கத் தோன்றியும் பேசாமல் இருந்தேன். எது மரியாதை, எது பயம் என்று இப்போதும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் ஒரு விஷயத்தில் நான் பிடிவாதமாக ஆனேன். அடகு வாங்கும்போதே சோதனை செய்யச் சட்டம் அனுமதிக்கிறது. கட்டாயம் இல்லை. செய்து மறுப்பு வந்தால் 48 மணி நேரத்துக்குள் உள்ளூர் போலீசுக்குச் சொல்ல வேண்டும், அதனாலேயே நிறையப் பேர் செய்வதில்லை. எங்கள் கடையிலும் இல்லை. சரி, சோதனை வேண்டாம், வாயால் ஒரு வார்த்தை சொல்லலாம் அல்லவா? "திருப்பும்போது எஃப்.பி.ஐ. சோதனை உண்டு, பழைய வழக்கு ஏதாவது இருந்தால் யோசித்து வையுங்கள்." துப்பாக்கியோடு வந்தவர் ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்ல ஆரம்பித்தேன். சிலர் கேட்டுவிட்டு வைத்தார்கள். சிலர் துப்பாக்கியை உறையில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனார்கள். முதலாளிக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை.

அன்றைக்கு அவரிடம் இதைச் சொல்லியிருந்தால் அவரும் திரும்பிப் போயிருப்பார். ரைஃபிள் வீட்டிலேயே இருந்திருக்கும். ஒரு மனுஷனுக்குத் தன் தாத்தாவின் சாமான் மிஞ்சியிருக்கும், மகன் என் முன்னால் அப்படித் தடுமாறி நின்றிருக்க மாட்டான். மாதாமாதம் 40 டாலரோடு வருகிற வேலை அந்த அம்மாவுக்கும் இருந்திருக்காது.

நான் வேலையை விட்டபோது என் கவுண்டருக்கு வந்த புதுப் பையனிடம் எல்லாம் ஒப்படைத்தேன். பதிவேடு, சாவி, எண்ணெய்த் துணி. துப்பாக்கி கொண்டுவருகிறவர்களிடம் முதலிலேயே சோதனையைப் பற்றிச் சொல்லிவிடு என்றேன். "சொன்னா வைக்காம போயிடுவாங்களே" என்றான். போனால் போகட்டும், அவர்களுடைய பொருள், தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது என்றேன். அந்த வின்செஸ்டர் அப்போதும் உள்ளேதான் இருந்தது. சீட்டு நம்பரைக் காட்டி, இதற்கு ஒரு அம்மா வருவார், பணத்தை வாங்கி ரசீது மட்டும் கொடு, வேறெதுவும் கேட்காதே என்றும் சொன்னேன். ஏன் என்றான். அதற்கு நான் பதில் சொல்லவில்லை.