கழனிக் கிணற்றில் பழகிய கடல் கேமரா

தூத்துக்குடியில் பவளப்பாறைகளை ஆராயும் என் கல்லூரித் தோழி கேட்டது ஒன்றுதான்: ஒரே பாறையை மாதாமாதம் படம் எடுத்து, நிறமும் அளவும் மாறியிருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல வேண்டும். கடல் சூடேறினால் பவளம் தனக்குள் குடியிருந்து நிறம் தரும் பாசியை வெளியேற்றிவிட்டு வெளுத்துப்போகும். மன்னார் வளைகுடாவில் 2016-இல் அப்படி நடந்தது. வெளுப்பை நிறத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். தண்ணீரோ முதலில் சிவப்பைத்தான் விழுங்கும்; நல்ல பவளமும் படத்தில் நீலச் சாம்பலாக நிற்கும்.

கேமராப் பெட்டி என் பொறுப்பு. காட்பாடியில் கடலுக்கு எங்கே போவது? பெரியப்பாவின் கழனிக் கிணறு இருந்தது.

அக்ரிலிக் குழாய், இரு பக்கமும் மூடி, தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங். முதல் முறையே கேமராவோடு இறக்கினேன். தண்ணீர் புகுந்து கேமரா போனது. ஓ-ரிங்கில் ஒரு தலைமுடி ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். அப்புறம் எப்போதும் வெறும் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பர் வைத்து, 20 அடியில் ஒரு மணி நேரம் தொங்கவிட்டுப் பார்த்த பிறகே கேமராவை வைக்கிறேன். நீங்களும் தயவுசெய்து அப்படியே தொடங்குங்கள்.

அடுத்து, படமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். "மோட்டார் ஓடின தண்ணியில என்னடா தெரியும்? கரண்ட் வர்றதுக்கு முன்னாடி விடியக்காலையில வா" என்றார் பெரியப்பா. பாதிப் புள்ளிகள் அதிலேயே போயின. லைட்டை லென்ஸிலிருந்து ஒரு முழம் தள்ளிச் சாய்த்துக் கட்டியதும் மீதியும் குறைந்தது. லைட் லென்ஸை ஒட்டி இருந்தால் மிதக்கும் தூசி ஒவ்வொன்றும் பளிச்சென்று படத்தில் விழும்.

நாட்களை இழுத்தது அளவு. வீட்டு மேசையில் சரிபார்த்த கேமரா, கிணற்றுக்குள் 30 செ.மீ. ஸ்கேலை 40 என்றது. ஒளி எவ்வளவு வளையும் என்று சொல்லும் ஒளிவிலகல் எண் தண்ணீருக்கு 1.33; தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். கட்டம் போட்ட பலகையை நீருக்குள்ளேயே பிடித்து எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தேன். உப்புநீரில் அந்த எண் கொஞ்சம் கூடும் என்பதால் கடலிலும் ஒருமுறை செய்தோம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா; வனத்துறை அனுமதியைத் தோழியின் குழு பார்த்துக்கொண்டது.

நிறத்துக்கு, சிவப்பு, சாம்பல், வெள்ளைக் கட்டங்கள் கொண்ட அட்டையை ஒவ்வொரு படத்திலும் பவளத்தை ஒட்டியே வைக்கிறார்கள். தள்ளி வைத்தால் பயனில்லை. தூரம் மாறினால் இழக்கும் சிவப்பும் மாறும்.

முதல் மாதப் படங்கள் வந்த இரவு, அட்டையின் சிவப்பு சரியாகும்வரை நிறத்தைத் திருத்தினேன். சாம்பலாகக் கிடந்த பாறையில் மெல்லப் பழுப்பு ஏறியது. தோழிக்கு அனுப்பினேன்.

"உயிரோட இருக்குடா" என்று பதில் வந்தது.