அம்பை வரைக்கும் நீந்தினேன்

கல்லிடைக்குறிச்சியில் வளர்ந்தவனிடம் நீச்சல் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. ஆறு வயதில் மாமா என் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தாமிரபரணியில் தள்ளிவிட்டார். அவ்வளவுதான் பயிற்சி. அந்த மிதப்பில்தான் நாற்பத்தாறு வயதில், முதுகுவலிக்கு டாக்டர் சொன்னார் என்று, பாளையங்கோட்டையில் ஒரு நீச்சல் குளத்துக்குப் போனேன்.

முதல் நாள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். காட்டன் டிரவுசர் ஆகாதாம், நூல் பிரிந்து ஃபில்டரை அடைக்குமாம். மறுநாள் நைலான் டிரவுசரும் ரப்பர் தொப்பியுமாகப் போய் நின்றேன். கண்ணாடியில் பார்த்தால் உரித்த நுங்கு மாதிரி இருந்தது தலை.

குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று போர்டு. அது சரிதான். கண் எரிந்தால் குளோரினைத் திட்டுகிறோம். நம் வியர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற குளோரமைன்தான் அந்த எரிச்சலுக்கும் வாடைக்கும் காரணம். ஆறு என்றால் எல்லாம் புன்னைக்காயலில் கடலுக்குப் போய்விடும். இங்கே எங்கே போகும்?

ஆற்றுக்காரன் தலையைத் தூக்கியே நீந்துவான். பாறை, சுழல், எதிர்க்கரை எல்லாம் பார்க்க வேண்டுமே. இழுப்பு இருப்பதால், கரையேற வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் மேலேயே குதித்துச் சாய்வாகப் போவதுதான் வழக்கம். அந்தப் புத்தி இங்கேயும் விடவில்லை. பாதி தூரத்தில் பக்கத்து லேன்காரர் விலாவில் என் கை.

கரையில் நின்ற பயிற்சியாளர் தம்பி கூப்பிட்டான். "அண்ணாச்சி, இங்க ஒங்கள எதுவும் இழுத்துட்டுப் போவாது. தலைய தண்ணிக்குள்ள போடுங்க. கீழ கறுப்புக் கோடு தெரியுதுல்லா, அதப் புடிச்சு வாங்க."

தலையைப் போட்டதும் இடுப்பு தானாக மேலே வந்தது. தலை தூக்கினால் கால் தாழும். இத்தனை வருஷம் பாதி உடம்பைக் கட்டி இழுத்துக்கொண்டு நீந்தியிருக்கிறேன்! அந்தக் கோடு சுவருக்கு 2 மீட்டர் முன்னாலேயே ஒரு குறுக்குக் கோட்டோடு முடிந்துவிடும். அதைப் பார்த்ததும் கையை நீட்டிவிட வேண்டும். தெரியாமல் இரண்டு நாள் விரலை முட்டிக்கொண்டேன்.

25 மீட்டர் குளம், போய்த் திரும்பினால் 50. நாலைந்து தடவைக்கு மேல் எண்ணிக்கை மறந்துபோகிறது. அதனால் ஒரு தடவை போய்த் திரும்பினால் ஒரு ஸ்டேஷன் என்று செங்கோட்டை பாசஞ்சர் ஸ்டேஷன்களை வைத்துக்கொண்டேன். திருநெல்வேலி ஜங்ஷனில் கிளம்பி டவுன், பேட்டை, சேரன்மகாதேவி... காருகுறிச்சி தாண்டும்போது மூச்சு வாங்கும். நேற்று சொந்த ஊரில்கூட நிற்காமல் அம்பை, அதாவது அம்பாசமுத்திரம், போய்ச் சேர்ந்தேன், 350 மீட்டர். இன்று நடுவில் ஒரு பொடியன் தொப்பென்று குதித்ததில் வந்தது காருகுறிச்சியா வீரவநல்லூரா என்று குழம்பிவிட்டது. எதற்கு வம்பு என்று காருகுறிச்சியிலிருந்தே மறுபடி கிளம்பினேன்.