மொறிஸ் மைனர்: இடப்பக்க இழுவை முக்கால்வாசி போய்விட்டது

காலையில் வண்டியை எடுத்த கையோடு பிறேக் பிடித்தால் நூல் பிடித்த மாதிரி நேராக நிற்கிறது. பரந்தனில் இருந்து புதுக்குடியிருப்பு வரை ஓடிவிட்டு அதே பிறேக்கைப் பிடித்தால் ஸ்ரியறிங் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போகப் பார்க்கிறது. இதுதான் இன்றைய நிலவரம். முந்தி இருந்த கோலத்துக்கு இதுவே பெரிய வெற்றி. முந்தியெல்லாம் 50இல் வந்து மிதித்தால் ஸ்ரியறிங்கை இரண்டு கையாலும் அமர்த்திப் பிடிக்க வேண்டும், இல்லையெண்டால் ஆள் நேரே கிரவல் கரைக்குள் இறங்கிவிடுவார்.

வண்டி பழைய மொறிஸ் மைனர் கார், 1098 சீசீ எஞ்சின், ‘சிறீ’ எழுத்துப் போட்ட பழைய நம்பர். 1962இல் இந்த எஞ்சின் வந்தபோது முன் பிறேக் டிரம்மையும் (சில்லோடு சுற்றுகிற உருளை) 8 அங்குலமாக்கினார்கள், பின்னுக்கு 7தான். முந்தின 948 சீசீ எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் 7. லைனர் (டிரம்மோடு உரஞ்சிப் பிடிக்கிற பட்டை) வாங்கப் போகும்போது இதைச் சொல்லாவிட்டால் கடைக்காரர் கைக்கு அகப்பட்டதை எடுத்துத் தருவார். திருப்பிக் கொண்டுபோனால் முகத்தை மறுபக்கம் திருப்புவார்.

பிறேக்கோடு ஏன்டா இவ்வளவு மினக்கெடுகிறாய் எண்டு கேட்கிற மச்சான்மார் இரவு எட்டு மணிக்குப் பிறகு ஏ9இல் மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் ஒருக்கால் ஓடிப் பார்க்கலாம். கட்டாக்காலி மாடுகள் தார்ச் சூட்டுக்கு நடு றோட்டில் படுத்துக் கிடக்கும். மைனரின் முன் லைற்றுக்குக் கறுத்த மாடு தெரியவே தெரியாது, அது தலையைத் திருப்பினால் கண் மட்டும் மின்னும். ஊர்மனைக்கு வெளியே மணிக்கு 70 கிலோமீற்றர் போகலாம் எண்டு சட்டம் சொல்கிறது. இந்த லைற்றோடு நான் இரவில் 50ஐத் தாண்டுவதில்லை. 50இல் வந்தாலும் நேராக நிற்காத வண்டி மாட்டைத் தப்பவைத்துவிட்டு எங்களை மதகுக்குள் கொண்டுபோய் விடும்.

காற்று, ரயர் எல்லாம் முதலே பார்த்தாயிற்று. முன் ரயர்கள் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டும் இழுவை இடப்பக்கமே நின்றது, ஆகவே ரயர் இல்லை. முன் சில்லு திரும்புகிற மேல், கீழ் மூட்டுகளுக்குப் புதுக் கிறீஸ் அடித்து ஆட்டிப் பார்த்தேன், ஆட்டம் இல்லை. மைனர்காரருக்குச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்கிறேன்: அந்தக் கீழ் மூட்டின் கிறீஸ் நிப்பிளுக்கு 1000 மைலுக்கு ஒருக்கால் கிறீஸ் போகாவிட்டால் உள்ளே புரி தேய்ந்து ஒருநாள் சில்லு மடிந்து விழும். பிறேக் பிழைத்தால் கான்ட் பிறேக்காவது இருக்கிறது. சில்லு மடிந்தால் ஒன்றும் இல்லை.

இடப்பக்கம் இழுத்தால் பிழை அநேகமாக வலப்பக்கத்தில்தான். வலது சில்லு பிடிக்காததால் இடது சில்லு தனியாகப் பிடிக்கிறது, அவ்வளவுதான். நான் முதலில் கொண்டுபோன கராச்சில் இடது டிரம்மையே திரும்பத் திரும்பக் கழற்றிப் பூட்டிக் காசும் வாங்கினார்கள். வலது பக்கத்து வீல் கப்பைக்கூடத் தொடவில்லை. பிறகுதான் பனங்குற்றி ரெண்டை வெட்டி எடுத்து வீட்டு மாமரத்துக்குக் கீழ் வேலையைத் தொடங்கினேன். ஜக்கை மட்டும் நம்பிச் சில்லுக்குக் கீழே கையைக் காலைக் கொடுக்கிற ஆள் நான் இல்லை.

முன் சில்லு ஒவ்வொன்றிலும் இரண்டு சூ (லைனர் ஒட்டின, டிரம்மை உள்ளிருந்து அமத்துகிற வளைவு), சூவுக்கு ஒரு சிலிண்டர், சூவை டிரம்முக்குக் கிட்டக் கொண்டுவர சூவுக்கு ஒரு அஜஸ்ரர். பின் சில்லில் அஜஸ்ரர் ஒன்றுதான். வீல் கப்பைக் கழற்றி, சில்லை உருட்டி, டிரம்மின் ஓட்டையால் ரோச் அடித்தால் அஜஸ்ரரின் வெட்டுத் தெரியும். வலப்பக்கமாகத் திருகிச் சில்லு இறுகும்வரை கொண்டுபோய் ஒரு ‘டிக்’ பின்னுக்கு விடுவது எல்லாருக்கும் தெரியும். சில்லை அரைச் சுற்று உருட்டி எதிரே இருக்கிற மற்றதையும் செய்ய வேண்டும் என்பதைத்தான் ஜப்பான் வாகனத்தில் பழகின கை மறந்துவிடும். என் வலது சில்லில் அந்த இரண்டாவது அஜஸ்ரரின் வெட்டு செம்மண்ணால் அடைத்து, அது ஒரு அஜஸ்ரர் எண்டே தெரியாமல் இருந்தது. ஊசியால் கிண்டித்தான் எடுத்தேன். அதாவது பல வருசமாக அந்தச் சில்லில் ஒரு சூ மட்டுமே வேலை செய்திருக்கிறது. மற்ற சூவின் லைனர் கிட்டத்தட்டப் புதுசு.

சரி, இரண்டையும் திருகிவிட்டால் முடிந்தது எண்டு நினைத்தால், அந்த ‘டிக்’ வரவில்லை. இந்த ஒரு சத்தத்துக்காக நான் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. அஜஸ்ரரின் பற்கள் சூவில் தட்டித்தான் அந்த ‘டிக்’ வரும். துரு ஏறினால் பல் தட்டாது, தலை களிமண்ணுக்குள் திருகின மாதிரி வழுக்கிக்கொண்டு போகும். ஒரு பல் விட்டேனா மூன்று பல் விட்டேனா எண்டு கைக்குத் தெரியாது. இடது பக்கம் ஒரு பல், வலது பக்கம் மூன்று பல் விட்டால் பிறகு எந்தக் கடவுள் வந்தும் வண்டி நேராக நிற்காது.

ஆகவே டிரம்மைக் கழற்றினேன். இங்கே ஒரு எச்சரிக்கை: பழைய லைனரில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். கராச்களில் காற்றுக் குழாயால் ‘புஸ்’ எண்டு ஊதுவார்கள், அதைச் செய்யாதீர்கள். ஈரச் சீலையால் துடைத்து, சீலையைப் பையில் கட்டி எறிந்தேன். சூவைக் கழற்றி அஜஸ்ரரை வெளியே எடுத்து ஒரு இரவு மண்ணெண்ணெயில் போட்டு, காலையில் பழைய பல் பிறஸ்ஸால் ஒவ்வொரு பல்லாக உரஞ்சினேன். அதற்கு மேல் சூடு தாங்கும் கிறீஸ், தீக்குச்சி நுனியில் எடுத்த அளவு. அதற்கு மேல் வைத்தால் உருகி லைனருக்குப் போய்விடும், பிறகு லைனரும் குப்பை. பூட்டித் திருகினேன். டிக். என்னைப் பார்த்து வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

இனி ஒழுங்கு முக்கியம். முதல் அஜஸ்ரரை இறுக்கி ஒரு பல் விட்டபின் வண்டிக்குள் ஏறி பெடலை நன்றாக அமத்த வேண்டும், அப்போதுதான் சூ டிரம்மின் நடுவுக்கு வந்து இருக்கும். திரும்ப வந்து பார்த்தால் அதே அஜஸ்ரர் இன்னும் ஒன்றிரண்டு பல் எடுக்கும். பிறகு இரண்டாவது. பிறகு பெடல். பிறகு முதலாவதுக்கே திரும்ப வர வேண்டும். எந்தச் சுற்றிலும் ஒரு பல்லும் எடுக்காமல் நிற்கும்வரை இது போகும். பொறுமை இல்லாத ஆக்கள் இந்த இடத்தில் விட்டுவிட்டு “மைனர் பிறேக் எண்டா இப்பிடித்தான்” எண்டு கதை சொல்வார்கள்.

சோதித்துப் பார்க்க நல்ல இடம் முரசுமோட்டைப் பக்கம் வயலுக்கு நடுவால் போகிற கிரவல் றோட்டு. ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் 30இல் வந்து அமத்திவிட்டு இறங்கிப் போய்த் தரையைப் பார்த்தால் போதும். முதல் நாள் இடது சில்லு நீளமாகக் கோடு கீறியிருந்தது, வலது பக்கம் ரயர் பூவே அழியாமல் அப்படியே பதிந்திருந்தது. கடைசியாகப் பார்த்தபோது இரண்டு கோடும் ஒரே இடத்தில் தொடங்கி ஒரே நீளம். தார் றோட்டில் இது தெரியாது.

இப்போது மிச்சக் கதை, அதாவது சூடானால் வருகிற இழுவை. புதுக்குடியிருப்பில் நிறுத்தி டிரம்களுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனால் வலது இளஞ்சூடு, இடது கையைச் சுடும். பிறேக் விட்ட பிறகும் இடது சூ விடாமல் உரஞ்சுகிறது. உடனே அதே இடத்தில் ஜக் அடித்து சில்லை உருட்டினேன், இறுக்கம். எயர் எடுக்கிற நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்தினேன், சொட்டு ஒயில் பீறி வந்து சில்லு உடனே சுழன்றது. அப்படியெண்டால் உள்ளே அமுக்கம் அடைபட்டு நிற்கிறது. பெடலை அமத்த ஒயிலைத் தள்ளுகிற மாஸ்ரர் சிலிண்டர் பிழையாக இருந்தால் நாலு சில்லும் இறுக வேண்டும், இறுகினது இது ஒன்றுதான். ஆகவே பிழை இடது சில்லுக்கு ஒயில் கொண்டுபோகிற றப்பர் ஹோஸில். வெளியே பார்க்க நல்லாத்தான் இருக்கிறது, உள்ளே வீங்கி ஒருவழிப் பாதையாகிவிட்டது: கால் அமத்துகிற பலத்துக்கு ஒயில் போகும், சூவின் ஸ்பிறிங் பலத்துக்குத் திரும்பி வராது.

ஹோஸ் வாங்குகிற கதை தனி. கிளிநொச்சியில் இல்லை. வவுனியாவில் ஒரு கடையில் “இது எல்லாத்துக்கும் சரிவரும் தம்பி” எண்டு ஜப்பான் வாகன ஹோஸைத் தந்தார்கள். சரிவராது. எங்களது 3/8 அங்குலப் புரி, அது 10 மில்லிமீற்றர். சிலது ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்றுப் போய் இறுகிவிடும், சிலது தொளதொளவெண்டு பிடித்த மாதிரி நடிக்கும். பிறேக் குழாயில் நடிப்பு வேண்டாம். கொழும்பில் பஞ்சிகாவத்தையில் இருக்கிறதாம், ஒருவர் பஸ்ஸில் போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு பக்கத்துக்கும் சொல்லியிருக்கிறேன், ஒன்று வீங்கினால் அதே வயதுக்காரர் மற்றவரும் வீங்கத்தானே போகிறார்.

சாவி விஷயத்திலும் இதே தொல்லை. 7/16 அங்குல நட்டுக்கு 11 மில்லிமீற்றர் சாவி கிட்டத்தட்டச் சரிவரும். அந்தத் துணிவில் அரை அங்குல நட்டுக்கு 13ஐப் போட்டால் மூலை எல்லாம் வழித்துவிடும். என் வண்டியில் வழிக்காத அரை அங்குல நட்டு ஒன்றைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பிறேக் ஒயிலுக்கு டொட் 4 விடுகிறேன். புதுசில் 230 பாகையில் கொதிக்கிற சாமான், ஈரம் குடித்துக் குடித்து 155 பாகைக்கு இறங்கிவிடும். எங்கள் மாரி காலத்துக்கு இரண்டு வருசத்துக்கு ஒருக்கால் மாற்றாமல் விடக்கூடாது. மைனரின் மாஸ்ரர் சிலிண்டர் றைவரின் காலுக்குக் கீழே இருக்கிறது, விரிப்பைத் தூக்கித் தகட்டைக் கழற்றினால் மூடியைச் சுற்றி அரைச் சிரட்டை செம்மண் புழுதி இருக்கும். மூடியைத் திறக்கமுன் அதை ஈரச் சீலையால் ஒற்றி எடுக்காவிட்டால் முழுவதும் ஒயிலுக்குள் போகும்.

உரஞ்சல் குறைந்ததும் பெற்றோலிலும் தெரிகிறது. டாங்கை வாய்வரை நிரப்பி, ஓடி, திரும்ப வாய்வரை நிரப்பித்தான் கணக்குப் பார்க்கிறேன். முந்தி லீற்றருக்கு 10 கிலோமீற்றரை ஒட்டி இருந்தது, இப்போது 12ஐத் தாண்டுகிறது. 2022 தட்டுப்பாட்டில் கியூஆர் கோட்டாவோடு பெற்றோல் செட்டில் நின்ற ஆக்களுக்கு இந்த இரண்டின் பெறுமதி தெரியும்.

வட்டக்கச்சியில் ஒரு ஐயா இருக்கிறார். போர்க்காலப் பொருளாதாரத் தடைக்குள் மண்ணெண்ணெயில் ஹயர் ஓடினவர், காபரேற்றர் வாய்க்குள் மூடியளவு பெற்றோல் தெளித்து ஸ்ராட் எடுத்த ஆள். போன ஞாயிறு வண்டியை ஓட்டிப் பார்த்தார். பிறேக்கைத் தொடவே இல்லை. தூரத்தில் மாட்டைக் கண்டவுடன் அக்ஸிலறேற்றரில் இருந்து காலை எடுத்து, மூன்றாம் கியருக்கு வந்து, மாடு எழும்பிப் போகும்வரை அப்படியே உருட்டினார். “பிறேக் இல்லாத காருக்கு ஓடினது தம்பி, எனக்கு உந்த டிக் டிக் எல்லாம் தெரியாது. ஆனா சூடேறின பிறகு ரண்டாம் கியருக்குப் போகேக்க ஒருக்கா இருமுது, காபரேற்றரைப் பார்” என்றார்.

அவர் சொன்னதும் சரிதான். எஸ்யூ காபரேற்றரின் மேல் மூடியைத் திறந்தால் உள்ளே ஒயில் காய்ந்து கிடந்தது. மெல்லிய எஞ்சின் ஒயில் விட்டபின் இருமல் பாதியாகிவிட்டது. காபரேற்றருக்குள் இருக்கிற பிஸ்ரனைத் தூக்கி விட்டால் ‘டக்’ எண்டு விழ வேண்டும், இது இடையில் சொறிந்து சொறிந்து விழுகிறது. பிஸ்ரனோடு வருகிற ஊசி வளைந்ததா, அது இறங்குகிற ஜெற் (பெற்றோல் துளை) நடுவில் இல்லையா தெரிய வேண்டும். ஹோஸ் வரும்வரை தூர ஓட்டம் இல்லை எண்டபடியால் நாளைக்கே அதைக் கழற்றுவதாக இருக்கிறேன். 1098இன் ஊசி மேலதிகமாக ஆரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், பழசு எண்டாலும் பரவாயில்லை, நேராக இருந்தால் போதும்.