வெறும் படத்தை அழித்துவிடாதீர்கள்

சூப்பர்நோவா, அதாவது வெடித்துச் சிதறும் நட்சத்திரம், திரையில் இருந்தது. ஒரு கேலக்ஸியின் சுருள்கையின் ஓரத்தில், முந்தைய படங்களில் இல்லாத ஒரு புள்ளி. ஆனால் என்னை அன்று இரவு அலைக்கழித்தது அந்தப் புள்ளி இல்லை. அது இல்லாத ஒரு படம். மூன்று நாளுக்கு முன் நானே எடுத்து, "இதில் ஒன்றுமில்லை" என்று நானே அழித்த படம்.

கேலக்ஸிகளில் சூப்பர்நோவா தேடும் இந்த வேலைக்குள் நான் வந்ததே ஒரு ஏமாற்றத்தில்தான். 2023 மே 19 இரவு எம்101 கேலக்ஸியை அழகுக்காகப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். முழு இரவுப் படங்களையும் சேமித்துவிட்டுத் தூங்கப் போனேன். இரண்டு நாள் கழித்துத்தான் செய்தி தெரிந்தது: ஜப்பானின் அமெச்சூர் வானியலாளர் கோய்ச்சி இதகாகி அதே மே 19 அன்று, யுடிசி (உலகப் பொது நேரம்) 17:27 மணிக்கு, எம்101-இல் 14.9 மேக்னிட்யூடில் (பிரகாச அளவு; எண் கூடினால் மங்கல்) ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்திருக்கிறார். அதன் பெயர் எஸ்என் 2023ஐஎக்ஸ்எஃப். சுமார் 2 கோடி ஒளியாண்டு தூரம்; இந்தக் கணக்கில் அது அடுத்த வீடு. கை நடுங்க என் கோப்புகளைத் திறந்தேன். யுடிசி 15 மணிக்கு எடுத்த முதல் படத்திலேயே அது இருந்தது. என்னைப் போல உலகம் முழுக்கப் பலரிடம் அதற்கும் முந்தைய படங்கள் இருந்தன. வெடிப்பின் முதல் சில மணி நேரங்களைப் பின்னர் ஆராய்ந்தபோது அமெச்சூர்களின் அந்தப் படங்கள் மிகவும் உதவின. எடுத்தவர்கள் யாரும் அன்றிரவு பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து எடுத்த படத்தை அதே இரவில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். எட்டு அங்குல டெலஸ்கோப், ஃபில்டர் இல்லாத மோனோ கேமரா, அறுபது கேலக்ஸிகள் கொண்ட பட்டியல், ஒவ்வொன்றுக்கும் ஒப்பிட ஒரு பழைய ரெஃபரன்ஸ் படம், புதியதையும் அதையும் மாற்றி மாற்றிக் காட்டும் பிளிங்க்.

முதல் "கண்டுபிடிப்பு" நாலாவது மாதம் வந்தது. கன்னி ராசிப் பக்கம் ஒரு கேலக்ஸி, மையத்துக்குப் பக்கத்தில் பளிச்சென்று 16.8. அந்த வழியாகப் போகும் சிறுகோளோ என்று பார்க்க, மைனர் பிளானட் சென்டரின் சிறுகோள் சோதனைப் பக்கத்தில் இடத்தையும் நேரத்தையும் கொடுத்தேன். அருகில் எதுவும் இல்லை என்றது. இரண்டு நண்பர்களை எழுப்பிவிட்டேன். ஒருவர் அவருடைய கேலக்ஸியை விட்டுவிட்டு டெலஸ்கோப்பை இதற்குத் திருப்பினார். முக்கால் மணி நேரத்தில் புள்ளி நகர்ந்திருந்தது. சிறுகோளேதான்.

என்ன தப்பு? யுடிசி கேட்ட கட்டத்தில் உள்ளூர் நேரத்தைத் தட்டியிருந்தேன். போதாக்குறைக்குத் தேடும் வட்டத்தை ஒரு ஆர்க் நிமிடமாக, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியிருந்தேன். சாதாரண சிறுகோள் மணிக்கு அரை ஆர்க் நிமிடம் நகரும். சில மணி நேரம் தப்பாகக் கொடுத்தால் அது அந்த வட்டத்தை விட்டே போயிருக்கும். "இல்லை" என்ற பதிலில் பிழையே கிடையாது. கன்னி ராசிக் கேலக்ஸிகள், சிறுகோள்கள் அதிகம் போகும் சூரியப்பாதைக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே இது அடிக்கடி நடக்கும். கணினியின் கடிகாரத்தையே யுடிசிக்கு மாற்றிவிடுங்கள். வட்டத்தைப் பெரிதாகவே வைத்துப் பாருங்கள். ஒரு மணி நேரம் பொறுத்து மறுபடி ஒரு படம் எடுங்கள். நண்பர்களை அதற்கப்புறம் எழுப்பலாம்.

இரண்டாவது ஹாட் பிக்சல், கேமரா சென்சாரில் தானாகவே பளிச்சிடும் புள்ளி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை: டிதர் செய்யுங்கள் (படத்துக்குப் படம் டெலஸ்கோப்பைக் கொஞ்சம் நகர்த்துவது), படங்களை இரண்டு பாதியாகப் பிரித்து ஸ்டாக் செய்து (ஒன்றாக அடுக்கி) இரண்டிலும் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவதுதான் நிஜம். இரண்டு பாதியிலும் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அசையவில்லை. சிறுகோள் பட்டியலில் இல்லை, இந்த முறை யுடிசியில்தான் கேட்டேன். பான்-ஸ்டார்ஸ் வானாய்வின் பழைய படத்தில் அந்த இடத்தில் நட்சத்திரமும் இல்லை, ஒளிரும் வாயு முடிச்சும் இல்லை. பிரகாசத்தை அளந்தால் 16.6 வந்தது. சந்தேகமாக இருந்தது. அளக்கும் வட்டத்துக்குள் சுருள்கையின் வெளிச்சமும் சேர்ந்துவிட்டது என்று பிறகு புரிந்தது. பழைய படத்தைக் கழித்துவிட்டு அளந்தபோது 17.2. அறிவிப்பில் 16.6 என்று போயிருந்தால் எண் மட்டுமல்ல, என் மேலிருக்கும் நம்பிக்கையும் கெட்டிருக்கும்.

இனி அறிவிக்க வேண்டியதுதான். 2016 முதல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் சார்பில் டிரான்சியன்ட் நேம் சர்வர் என்ற இணையதளம்தான் அதிகாரபூர்வ வழி. நான் அங்கே கணக்கே தொடங்கியிருக்கவில்லை! ஆறு மாதமாகத் தேடுகிறேன், இதை ஒரு மத்தியான வேளையில் முடித்து வைத்திருக்கலாம். பரபரப்பில் கணக்கைத் திறந்து படிவத்துக்குள் போனேன். இடம், நேரம், பிரகாசம், "கிளியர்" ஃபில்டர் (ஃபில்டர் இல்லை என்று பொருள்) எல்லாம் நிரப்பியாகிவிட்டது. அடுத்து நின்றது கடைசியாக அது காணப்படாத நாள்: எந்தத் தேதியில் பார்த்தீர்கள், எந்த மேக்னிட்யூட் வரை பார்த்தும் எதுவும் தெரியவில்லை?

மூத்த நண்பர் ஒருவரை அழைத்தேன். வாழ்த்துகூடச் சொல்லவில்லை அவர். "முந்தின படம் இருக்கா தம்பி?" என்றார்.

"மூணு நாள் முன்னாடி எடுத்தேண்ணே. இடம் பத்தலைன்னு ஃபிட்ஸ் மூலக் கோப்பையெல்லாம் அழிச்சிட்டேன். ஜேபெக் இருக்கு."

"ஜேபெக்ல நேரம் இருக்கா? அளக்க முடியுமா?"

முடியாது. ஸ்ட்ரெச் செய்து (வெளிச்சத்தை இழுத்துக் கூட்டி) மெருகேற்றிய படம், நேரம் சொல்லும் தலைப்புத் தகவலும் இல்லை.

அவர் கேட்டது சரிதான். பல பத்தாண்டு பழைய வானாய்வுப் படத்தைக் காட்டினால் படிவம் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அது எப்போது வெடித்தது என்பதை அந்தப் படம் சொல்லாது. 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் அமெச்சூர் விக்டர் புசோ புதுக் கேமராவைச் சோதிக்க என்ஜிசி 613 கேலக்ஸியைப் படமெடுத்தார். அன்றைய முதல் படங்களில் எதுவும் இல்லை. அதே இரவில் பின்னால் எடுத்தவற்றில் ஒரு புள்ளி எழுந்து பிரகாசமாகிறது. அந்த எஸ்என் 2016ஜிகேஜி அவ்வளவு அரிதான பதிவானதற்கு, முதலில் வந்த வெறும் படங்களும் சரிபாதிக் காரணம்.

அதனால் தேடினேன். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ், பழைய லேப்டாப் என்று இரண்டு மணி நேரம். கடைசியில் டெலஸ்கோப்பில் கட்டியிருக்கும் மினி கணினியின் குப்பைத்தொட்டியில் இருந்தன. முப்பது ஃபிட்ஸ் கோப்புகளில் இருபத்தாறு தேறின. ஸ்டாக் செய்து பார்த்தேன்: 18.5 வரை சுத்தமாக எதுவும் இல்லை. எழுந்து நின்று கத்தினேன்.

படிவத்தை அனுப்பும்போது அந்த இடத்துக்கு ஏற்கெனவே ஒரு ஏடி பெயர் (வகை உறுதியாகும் வரை தரும் பெயர்) இருந்தது. தானியங்கி வானாய்வு ஒன்று நாற்பது நிமிடத்துக்கு முன்னால் அறிவித்திருந்தது. கண்டுபிடித்தவர் என்ற இடம் போய்விட்டது; என் அறிக்கை அதே பொருளின் கீழ் இன்னொரு அறிக்கையாகச் சேர்ந்தது. வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கணக்கும் பழைய படமும் கையில் இருந்திருந்தால் இரண்டு மணி நேரம் முன்னால் நான்தான். பழைய வானாய்வுப் படத்தைக் காட்டி உடனே அனுப்பிவிட்டு அதன்பின் கோப்புகளைத் தேடியிருக்கலாம் என்பதும் அப்புறம்தான் உறைத்தது. நீங்கள் அப்படிச் செய்யுங்கள்.

அவர்களுடைய அறிக்கையைத் திறந்து படித்தபோதுதான் மூச்சு திரும்பியது. அவர்கள் அந்த இடத்தைக் கடைசியாகப் பார்த்தது ஒன்பது நாளுக்கு முன்னால். என்னுடையது மூன்று நாள். வெடிப்பு எப்போது தெரியத் தொடங்கியது என்ற கேள்விக்கு இருந்த இடைவெளி, நான் குப்பைத்தொட்டியிலிருந்து எடுத்த இருபத்தாறு படங்களால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது.

ஆறாம் நாள், வகையைச் சொல்லும் நிறமாலை வந்தது. ஒன்று-ஏ வகை சூப்பர்நோவா. ஏடி என்ற முன்னொட்டு எஸ்என் ஆனது. அதற்கடுத்த வாரம் ஓர் ஆய்வாளரிடமிருந்து மின்னஞ்சல்: அந்த வெறும் படங்களின் மூலக் கோப்புகளும், கேமராக் குறைகளைத் திருத்த உதவும் டார்க், ஃபிளாட் படங்களும் கிடைக்குமா? புள்ளி இருக்கும் படத்தை அவர் கேட்கவே இல்லை. அன்று மாலையே அனுப்பினேன்.

இப்போது எதையும் அழிப்பதில்லை; பெரிய டிஸ்க் ஒன்று வாங்கி, தேதிவாரியாக எல்லா ஃபிட்ஸையும் அதில் ஏற்றிவிடுகிறேன். அந்த சூப்பர்நோவாவை வானம் தெளியும் இரவெல்லாம் தொடர்ந்து எடுக்கிறேன். நேற்று 18.3 இருந்தது. என் டெலஸ்கோப்புக்கு இன்னும் கொஞ்ச நாள் தெரியும்.